கெண்டைக்காலைக் கவ்வும் துணி

மட்டக்களப்பில் வெபர் மைதானம் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபரின் பெயரைத் தாங்கியது. வெயில் தணிந்த பிறகு அங்கே ஓட வருகிற பிள்ளைகளைப் பார்த்தால், அரைக்காற்சட்டைக்குக் கீழே கணுக்கால் வரை தோலோடு ஒட்டிய கறுப்பு உடுப்பு ஒன்று பலரிடம் தெரியும். கூடைப்பந்தாட்டக்காரர்களுக்கு ஒரு கையில் மட்டும் உறை. என் அக்காவின் மகனும் அப்படி ஒரு சோடி வாங்கித் தரச் சொன்னான். “மாமா, இதைப் போட்டால் கால் களைக்காது” என்றான். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் களைத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். யோசித்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

அழுத்த ஆடை எனப்படும் இந்த உடுப்பின் பூர்வீகம் விளையாட்டு மைதானம் அல்ல, நீச்சல் குளம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் வாழ்ந்த கொன்ராட் ஜோப்ஸ்ட் ஒரு பொறியியலாளர். இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் கால் நாளங்களில் நோய் கண்டு அவதிப்பட்டவர். குளத்து நீரில் நிற்கும்போது மட்டும் கால்கள் இலேசாக இருப்பதைக் கவனித்தார். வேறு யாராவது என்றால் சுகமாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்கள். இவர் காரணத்தைத் தேடினார். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும். பாதத்தில் அதிகம், முழங்காலில் குறைவு, இடுப்பில் இன்னும் குறைவு. அதே வரிசையில் அழுத்தும் காலுறை ஒன்றை 1950ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கினார். இன்று வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் அழுத்தக் காலுறைகளும் கடைகளில் தொங்கும் விளையாட்டுக் காலுறைகளும் அந்த யோசனையின் வழிவந்தவைதான்.

கல்லடிக் கடலில் அலை அடங்கிய ஒரு காலையில் கழுத்தளவு நீரில் நின்று பார்த்தால் ஜோப்ஸ்ட் கண்டது விளங்கும். (வாவியில் வேண்டாம், முதலைக்கு இயற்பியலில் அக்கறை இல்லை.) ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கும் ஏறக்குறைய 7.4 மில்லிமீற்றர் பாதரச அளவு அழுத்தம் கூடுகிறது. இரத்த அழுத்தம் பார்க்கும்போது 120, 80 என்று சொல்கிறார்களே, அதே அலகுதான். கணுக்கால் 1.2 மீற்றர் ஆழத்தில் இருந்தால் அதன் மீது கிட்டத்தட்ட 90 மில்லிமீற்றர் அழுத்தம் விழும். இதில் ஓர் அழகான பொருத்தம் இருக்கிறது. தரையில் அசையாமல் நிற்கும் ஒருவரின் இதயத்திலிருந்து கணுக்கால் வரை நாளத்துக்குள் நிற்பதும் அதே உயரமுள்ள ஒரு திரவத் தூண்தான். எனவே அங்கே நாள அழுத்தமும் 80, 90 என்ற அளவில்தான் இருக்கும். இரத்தமும் நீரும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்பதால், உள்ளிருந்து தள்ளுவதை வெளியிலிருந்து கடல் அப்படியே தாங்கிக்கொள்கிறது. கால் இலேசாவதற்கு இதுதான் காரணம்.

தரையில் அந்தத் தூணை யார் தூக்குகிறார்கள்? கெண்டைச்சதை. நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அது சுருங்கி, தனக்குள் ஓடும் ஆழ்நாளங்களைப் பிழிகிறது. சைக்கிள் ரியூபின் வால்வு போல நாளங்களுக்குள் ஒருவழிக் கதவுகள் இருப்பதால், பிழியப்பட்ட இரத்தம் மேலே மட்டுமே போக முடியும். நடையில் இருக்கும்போது கணுக்கால் நாளத்தின் அழுத்தம் 90இலிருந்து 20, 30 வரை இறங்கிவிடுகிறது. பஸ்ஸில் நின்றபடி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தவருக்குக் கால் வீங்குவதும், அதே நேரம் நடந்தவருக்கு அவ்வளவு வீங்காததும் இதனால்தான்.

அழுத்த ஆடை இந்தப் பம்புக்கு ஒத்தாசை செய்கிறது. தோலுக்கு அருகில் ஓடும் நாளங்களை நெருக்கி அகலத்தைக் குறைக்கிறது. அம்பாறை வயல்களில் தண்ணீர் கட்டியவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை: வாய்க்கால் ஒடுங்குகிற இடத்தில் அதே தண்ணீர் வேகமாக ஓடும். அதோடு, நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் திரவமும் வெளியழுத்தத்தால் குறைகிறது. வீக்கம் குறைவதன் கதை அவ்வளவுதான்.

ஒரு துணியால் எப்படி இப்படி அழுத்த முடிகிறது? மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தை இழுத்துப் பாருங்கள். பாவும் ஊடையும் நேர்கோடுகளாக ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்பதால் அது மசியாது. பின்னலாடை அப்படியல்ல. ஒரே நூல் வளையம் வளையமாகக் கோக்கப்படுவதால், இழுத்தால் வளையங்கள் நீளும். ஆனால் நீண்டது திரும்பி வர வேண்டுமே? பருத்திப் பனியன் நாலைந்து மாதத்தில் கழுத்து தொங்கிப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு மருந்தாக 1958இல் டூபொன்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் ஓர் இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்ற பெயரில் நாம் அறிந்தது அதுதான். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் சுருண்டு கிடக்கும் மென்மையான பகுதிகளும், ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் கடினமான பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. இழுத்தால் சுருள்கள் நிமிர்கின்றன. விட்டால், கடினமான பகுதிகள் நங்கூரமாக நிற்க, சுருள்கள் பழைய இடத்துக்கே திரும்புகின்றன. தன் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளக்கூடிய இழை இது. நைலோனோடு சேர்த்துப் பின்னினால் நம் பையன்கள் போடுகிற உடுப்பு தயார். ஏற்றுமதிக்கு விளையாட்டு உடை தைக்கும் நாடு இது. அந்தக் கறுப்புத் துணி நம்மூர்ப் பெண்கள் சிலருக்கு வேலை மேசையிலேயே பழக்கமாகியிருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இனித்தான் வருகிறது. ஓர் இறப்பர் பட்டியை விரலில் இறுக்கிச் சுற்றினால் விரல் நுனி கறுத்துவிடும். அதே இழுவிசையோடு ஒரு தேங்காயில் சுற்றினால் தேங்காய்க்கு உறைக்காது. லாப்லாஸ் என்ற பிரெஞ்சு அறிஞரின் விதி இதைத்தான் சொல்கிறது: அழுத்தம், துணியின் இழுவிசையை வளைவின் ஆரையால் வகுக்கக் கிடைப்பது. ஆரை சிறிதானால் அழுத்தம் பெரிது. மெல்லிய கணுக்காலில் இயல்பாகவே அழுத்தம் கூடி, பருத்த கெண்டையில் குறைவது இதனால்தான். ஆனால் விதி நமக்கு வசதியான இடத்தோடு நின்றுவிடாது. முன்னங்கால் எலும்பின் கூர்விளிம்பில் ஆரை மிகச் சிறிது, அங்கே துணி அறுக்கிற மாதிரி அழுத்தும். கணுக்கால் மொளிக்குப் பின்னே உள்ள குழியில் துணி தோலைத் தொடுவதே இல்லை, அங்கே அழுத்தம் பூச்சியம். வைத்தியசாலைகளில் கட்டுப் போடும்போது அந்தக் குழியில் பஞ்சு வைத்து நிரப்புவதைக் கண்டிருப்பீர்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. ‘மீடியம்’ என்று எழுதிய ஒரே உடுப்பு கொக்குக்காலனுக்கு ஓர் அழுத்தமும் கட்டுமஸ்தானவனுக்கு வேறோர் அழுத்தமும் கொடுக்கும். மருத்துவக் காலுறையின் பெட்டியில் அழுத்தம் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். பிரித்தானிய அளவுகோலில் முதல் வகுப்பு 14 முதல் 17, இரண்டாவது 18 முதல் 24 மில்லிமீற்றர். விளையாட்டு உடுப்புகள் பலவற்றில் அந்த எண்ணே இருப்பதில்லை. படத்தில் ஒரு தடகள வீரரின் தொடை இருக்கும், அவ்வளவுதான். எத்தனை மில்லிகிராம் என்று எழுதாத மாத்திரையை வாங்குவோமா?

சரி, இதைப் போட்டால் வேகமாக ஓடலாமா? பெரும்பாலும் இல்லை. ஓடும்போது தசை குலுங்குவதை இறுக்கமான உடுப்பு குறைக்கிறது, அது உண்மை. குலுக்கம் குறைந்தால் களைப்பும் குறையும் என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். 2017இல் ஓஹியோ அரச பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரர்களை அந்த உடுப்போடும் இல்லாமலும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். குலுக்கம் குறைந்தது, களைப்பு குறையவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நைக்கி நிறுவனம் என்பது கூடுதல் சுவை. கூடைப்பந்துக்காரரின் ஒற்றைக்கை உறைக்கும் மூலக்கதை மருத்துவம்தான். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் அலன் ஐவர்சன் 2001இல் முழங்கை வீக்கத்துக்காக அதைப் போட்டார். வீக்கம் அவருக்கு, உறை உலகத்துக்கு.

பலன் ஏதும் உண்டென்றால் அது ஆட்டம் முடிந்த பிறகுதான். ஆடி மாதத் திருவிழாவுக்கு உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களைக் கேளுங்கள். கதிரமலையில் ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் காலையில் படியில் இறங்கவிடாமல் தொடையைப் பிடித்து நிறுத்தும் வலி, மலையிலிருந்து இறங்கியதால் வந்தது. இறங்கும்போது தொடைத்தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. தசையிழைகளின் நுண்ணிய அலகுகள் அங்கங்கே கிழிகின்றன. உடல் பழுதுபார்க்கத் தொடங்க, அழற்சியும் வீக்கமும் வருகின்றன. வலி அரை நாளுக்குப் பிறகு தலைகாட்டி, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. லக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று இன்றும் பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். அது ஓட்டம் முடிந்து ஒரு மணித்தியாலம் அளவில் இரத்தத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும் பொருள். மறுநாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவது அநியாயம்.

அந்த வீக்கத்துக்கு இடம் கொடுக்காமல் வெளியிலிருந்து பிடித்துக்கொள்வதுதான் அழுத்த ஆடையின் வேலை. 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, வலி குறைவதிலும் தசைவலு திரும்புவதிலும் மிதமான பலன் உண்டென்றது. ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 2022இல் மீண்டும் தொகுத்துப் பார்த்து, வலு திரும்புவதற்கு இது உதவுகிறது என்பதற்குச் சான்றில்லை என்றது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? வலி சற்றுக் குறைவாக உணரப்படுவதை நான் நம்புகிறேன். வலு சீக்கிரம் திரும்புகிறது என்பதை விளம்பரக்காரர்களுக்கே விட்டுவிடுகிறேன். இந்த ஆய்வுகளுக்கு ஒரு பிறவிக் குறையும் இருக்கிறது. மாத்திரை என்றால் வெறும் மாவுருண்டையைக் கொடுத்து ஒப்பிடலாம். இறுக்கமான உடுப்பைப் போட்டிருக்கிறோமா இல்லையா என்பதை ஒருவரிடமிருந்து எப்படி மறைப்பது? நம்பிக்கையும் கொஞ்சம் வலியைக் குறைக்கும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு கணக்கும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் கால் முழுவதையும் மூடிக்கொண்டு ஓடினால் துணிக்கு அடியில் தோல் சூடேறும். போட்டுக்கொள்வதாயின் ஓடி, குளித்து, சாப்பிட்ட பிறகு மின்விசிறிக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம். மேல்விளிம்பு சுருண்டு கயிறாகிவிடக் கூடாது, கயிறானால் அது நாளத்தைக் கட்டிவிடும். விறைப்போ கூச்சமோ வந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். வீட்டில் அப்பப்பாவுக்கும் இருக்கட்டும் என்று இன்னொரு சோடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீரிழிவால் பாத உணர்வு மங்கியவர்கள், கால் தமனி அடைப்பு உள்ளவர்கள், இதயம் பலவீனமானவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. ஏற்கனவே இரத்தம் சிரமப்பட்டு இறங்கும் காலை வெளியிலிருந்தும் நெருக்கினால் புண்ணில் முடியும்.

மருமகனுக்கு முழுநீள உடுப்பு வேண்டாம், கெண்டைக்கால் வரை வரும் காலுறை ஒரு சோடி போதும் என்று முடிவாயிற்று. அதுவும் பெட்டியில் எண் எழுதியதாக. அளவை மட்டும் காலையில் எழுந்ததும் எடுக்கச் சொன்னேன். மாலையாகிவிட்டால் கால் சற்றே பருத்துக் கணக்கைப் பிழையாக்கிவிடும். மறுநாள் ஆறு மணிக்கு அக்கா தொலைபேசியில் அழைத்தாள். தையல் நாடாவைக் காணவில்லையாம், மகன் கட்டிலில் உட்கார்ந்து காலில் ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறானாம், நான்தான் ஏதாவது சொல்லிக்கொடுத்தேனா என்று கேட்டாள்.