நெஞ்சுக்குள் ஓர் உடுக்கை

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற அவருடைய தந்தைக்கு பைபாஸ் ஆகிவிட்டது, இரண்டு ஸ்டென்டும் வைத்தாகிவிட்டது, மாத்திரைகளும் தவறுவதில்லை. இருந்தும் மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம். "இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வழியைச் சுருக்க ஒரு கருவி இருக்கிறதாமே, அடைப்பால் அவதிப்படுபவருக்கு இன்னோர் அடைப்பா?" என்று கேட்கிறார்.

தமனிகள் இதயத் தசைக்குக் கொண்டுவரும் இரத்தம், வேலை முடிந்ததும், பெரும்பாலும் கரோனரி சைனஸ் என்னும் பெரிய சிரை வழியாக வலது மேலறைக்குத் திரும்புகிறது. கேள்வியில் வரும் கருவியின் பெயர் ரெட்யூசர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் பூசாரி கையில் பிடிக்கும் உடுக்கையைப் போல நடுவில் இடை சிறுத்த எஃகுக் கம்பி வலை அது. கழுத்துச் சிரை வழியாகக் கொண்டுபோய் அந்தப் பெரிய சிரைக்குள் விரித்துவிடுவார்கள். இடைப்பகுதியின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர்.

இதன் பயன் என்னவென்று கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். அடைமழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால், முகத்துவாரத்தில் வடிய வழியின்றி பக்கிங்காம் கால்வாய் நீர் எதிர்த்து நின்று, தெருமுனைச் சிறு வடிகால்கள் வரை ஏறிவிடுகிறதல்லவா? தெருவுக்குச் சாபமான அந்த எதிரழுத்தம் இதயத்துக்கு வரமாகலாம் என்பதே கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் தசை சுருங்கும்போது அதன் உள்ளடுக்கின் நுண்குழாய்கள் நசுங்குவதால், தட்டுப்பாடு வந்தால் முதலில் காய்வது அந்த அடுக்குதான். வெளியேறும் வழியில் அழுத்தம் கூடினால் உள்ளடுக்கின் நுண்குழாய்கள் சற்று விரிந்து, வெளியடுக்குக்கே தாராளமாகப் போய்க்கொண்டிருந்த இரத்தத்தில் ஒரு பங்கு அங்கே திரும்பும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

உவமை பொருந்திவிட்டதால் கருவி வேலை செய்துவிடாது. 1950களில் நெஞ்சுவலிக்கென்று மார்பின் உட்புறத் தமனியை முடிச்சுப் போட்டுக் கட்டும் அறுவை பரபரப்பாக நடந்தது. நோயாளிகளும் வலி குறைந்ததாகவே சொன்னார்கள். 1959இல் வெளியான ஓர் ஆய்வில் 17 பேருக்குத் தோலைக் கீறி, அவர்களில் 8 பேருக்கு மட்டுமே தமனியைக் கட்டினார்கள். கட்டாதவர்களுக்கும் அதே அளவு சுகம் கிடைத்தது. தாயத்து கட்டியதும் காய்ச்சல் இறங்குவதைப் பார்த்து நகைக்கும் நாம், அறுவை அறைக்குள்ளும் அதே மயக்கம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆகவேதான் ரெட்யூசரையும் பொய்ச்சிகிச்சையோடு, அதாவது சிகிச்சை போலவே நடத்திவிட்டுக் கருவியை மட்டும் வைக்காமல் விடுவதோடு, மோதவிட்டார்கள். 2015இல் வெளியான கோசைரா ஆய்வில் 104 பேர். கருவி பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்கு, நெஞ்சுவலியின் கடுமையை அளக்கும் படிநிலையில் ஒரு படியாவது வலி தணிந்தது. எதுவுமே பொருத்தப்படாதவர்களில்? 42 சதவீதம்! இந்த இரண்டாவது எண் இல்லாவிட்டால் முதல் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் வெளியிட்ட ஆர்பிட்டா-காஸ்மிக் ஆய்வு 51 பேரைக் கொண்டது. மயக்கமருந்து கொடுத்து, மருத்துவர்கள் பேசிக்கொள்வது கேட்காதபடி காதில் ஹெட்போன் மாட்டி, இரு தரப்பினரின் கழுத்திலும் குழாய் செலுத்தினார்கள். கருவி யாருக்கு வைக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னர் அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. வலி வந்த தடவைகளை ஒவ்வொருவரும் அன்றன்றே செல்பேசிச் செயலியில் குறித்தார்கள். ஆறு மாதத்துக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, தசையின் முழுத் தடிமனுக்கும் சேர்த்துப் பார்த்தால் இரத்த ஓட்டம் கூடியிருக்கவில்லை. ஆனால் பொய்ச்சிகிச்சை பெற்றவர்களைவிடக் கருவி பெற்றவர்களுக்கு வலி குறைந்திருந்தது. இருவருக்குக் கருவி இடம்பெயர்ந்து போனதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். தன் சரக்கே தோற்றுப்போகக்கூடிய இத்தகைய சோதனைக்கு எல்லா நிறுவனங்களும் எளிதில் பணம் தந்துவிடாது. அரசுப் பணம் இங்குதான் போகவேண்டும் என்பது என் கட்சி.

வாசகரின் தந்தைக்கு இது பொருந்துமா என்பதை ஆஞ்சியோ படத்தைப் பார்த்து இதய மருத்துவர்தான் சொல்லவேண்டும். பொருத்தினாலும் வலையின் மேல் திசு படர்ந்து வலைக்கண்களை மூடுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இரத்தம் வலைக்கண்கள் வழியே வழக்கம்போல் போய்க்கொண்டுதான் இருக்கும் என்பதால், வீடு திரும்பிய மறுநாளே தெரியும் சுகத்தைக் கருவியின் கணக்கில் எழுதவேண்டாம். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எந்தெந்த நாளில், எத்தனையாவது படியில் வலி வந்தது என்று தந்தையையே குறித்துவரச் சொல்லுங்கள்.