டெலிமெட்ரி: தொலையளப்பு

கிரேக்கத்தில் 'டெலே' என்றால் தொலைவில், 'மெட்ரோன்' என்றால் அளவு. ஓரிடத்தில் அளந்ததை வேறிடத்தில் இருந்தபடி அறிவதுதான் டெலிமெட்ரி. ராக்கெட் ஏவும்போது அடிக்கடி காதில் விழும் சொல். எண்ணெய்க் கிணறு துளைப்பவர்களும் இதை அன்றாடம் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் பாடு வேறு. ராக்கெட்டுக்கு ரேடியோ அலை போதும். மூன்று கிலோமீட்டர் பாறைக்கு அடியிலிருந்து அது மேலே வராது.

அதனால் சேற்றைப் பிடித்தார்கள். துளைக்கும்போது குழாய் வழியே சேற்றுக் குழம்பை அழுத்தி இறக்குவார்கள். அது துளைமுனையைக் குளிர்வித்து, உடைந்த கல்துகளை அள்ளிக்கொண்டு குழாய்க்கு வெளிப்புறமாக மேலேறும். முனைக்குச் சற்று மேலே இருக்கும் கருவி, ஒரு வால்வை அசைத்து இந்த ஓட்டத்தை விட்டுவிட்டு மறிக்கும். ஒவ்வொரு மறிப்புக்கும் குழாயில் அழுத்தம் துடிக்கும். மேலே உள்ள உணரி அந்தத் துடிப்பைப் பிடித்துக் கணினிக்குத் தரும். கிணறு எந்தச் சாய்வில் போகிறது, பாறையின் காமா கதிர் எவ்வளவு என்பதெல்லாம் இப்படித்தான் வருகின்றன, அதுவும் பெரும்பாலும் விநாடிக்குச் சில பிட் வேகத்தில். 1978இல் விற்பனைக்கு வந்த முறை, இன்றும் ஓடுகிறது. மேலே வந்துவிட்டால் அப்புறம் கவலையில்லை, செயற்கைக்கோளோ ஒளியிழை வடமோ கரைக்குக் கொண்டுபோய்விடும்.

தமிழில் 'தொலை அளவியல்' என்று எழுதுகிறார்கள். துறையைக் குறிக்க அது சரி. ஆனால் 'இயல்' என்பது படிப்பு, இங்கே நடப்பது வேலை. 'தொலையளப்பு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கருவியைத் 'தொலையளவி' எனலாம்.

இதைக் 'கண்காணிப்பு' என்று எழுதுவதுதான் தவறு. 2010 ஏப்ரல் 20 இரவு, மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் ஒன்பது மணிக்கு மேல் பம்புகளை நிறுத்தியிருந்தார்கள். பம்ப் நின்றால் அழுத்தம் ஏறக் கூடாது. ஆறு நிமிடத்துக்குள் சுமார் 250 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) ஏறியது. கரைக்கும் அந்த அளவுகள் போய்க்கொண்டுதான் இருந்தன. விடாமல் பார்ப்பதற்கென்று கரையில் ஆள் இல்லை. 9:49க்குத் தரவு நின்றது. வெடிப்பில் 11 பேர் இறந்தார்கள். தொலையளப்பு அன்று ஒழுங்காகவே நடந்தது, கண்காணிப்புதான் நடக்கவில்லை. ஆழ்கடல் கிணறுகளின் அளவுகளைத் தகுதியுள்ளவர்கள் கரையிலிருந்து கண்காணிக்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 2016இல்தான் வந்தது.