பாராமெடிக் ஆகப் பட்டம் வேண்டுமா? எந்த ஊர் ஆம்புலன்ஸ் என்று முதலில் சொல்லுங்கள்

“மாமா, பாராமெடிக் ஆகணும்னா எந்த யூனிவர்சிட்டிக்கு மனு போடணும்?” என்று அக்கா மகள் கேட்டாள். தொடக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். “எந்த ஊர் ஆம்புலன்ஸில் ஏறப்போகிறாய்?” என்று திருப்பிக் கேட்டேன். கிண்டல் என்று நினைத்து முறைத்தாள். கிண்டல் இல்லை. ஊருக்கு ஊர் வாசல் வேறு.

சிங்கப்பூரில் 995ஐ அழைத்தால் வருவது குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ். அதில் பாராமெடிக்காக, அதாவது துணை மருத்துவராகச் சேரப் பட்டம் கேட்பதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமா அல்லது ஏ லெவல் சான்றிதழ் இருந்தால் பொதுவாக விண்ணப்பிக்கலாம். தாதிமை டிப்ளோமா கைகொடுக்கும்; ஆனால் அது கட்டாயமில்லை. உடற்தகுதி, நேர்காணல் எல்லாம் தாண்டித் தேர்வானால், படையே சம்பளம் கொடுத்துப் பயிற்சி தரும். வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று ஓராண்டுக்கு மேல் அந்தப் பயிற்சி நீளும். அதாவது இங்கே முதலில் வேலை, அப்புறம்தான் படிப்பு. இதைத் தெரியாமல் பல பெற்றோர் பட்டப்படிப்பைத் தேடி அலைகிறார்கள்.

ஓ லெவலுக்குப் பிறகு வேறு பாதையும் உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் துணை மருத்துவம், அவசரப் பராமரிப்புக்கென்றே ஹையர் நைட்டெக் என்ற சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவர்கள் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனங்களிலும் வேலை தேடலாம். உயிருக்கு ஆபத்து இல்லாத நேரத்தில் 1777ஐ அழைத்தால் வருவது தனியார் வண்டிதான். 2023 ஜூன் முதல் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் அந்த நிறுவனங்களும் உரிமம் பெற்றாக வேண்டும்.

சரி, வெளிநாடு? அங்கேதான் ‘பல்கலைக்கழக நுழைவுத் தகுதி’ என்ற பேச்சே வருகிறது. பிரிட்டனில் பாராமெடிக் என்ற பெயரைச் சட்டம் காக்கிறது. எச்சிபிசி என்ற மன்றத்தில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. 2021 செப்டம்பர் முதல், அந்தப் பதிவுக்கு வழிவிடும் படிப்பின் குறைந்தபட்ச நிலை பட்டம்தான். பெரும்பாலும் மூன்று ஆண்டு. இரண்டு அல்லது மூன்று ஏ லெவல் பாடங்கள் கேட்பார்கள். அவற்றில் ஒன்று அறிவியலாக, அல்லது உளவியல் போன்ற ஒன்றாக இருப்பது நல்லது. அதற்குக் கீழே, ஜிசிஎஸ்இ என்ற பள்ளித் தேர்வில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேர்ச்சி. நம் ஓ லெவலை அதற்கு இணையாகப் பார்ப்பார்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 7 கேட்கிற இடங்களும் உண்டு.

மதிப்பெண்ணைவிட மற்ற சங்கதிகளில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, சில பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. மனு போடுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். அந்தப் படிப்பு எச்சிபிசியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்தது ஓட்டுநர் உரிமம். இங்கே ஆம்புலன்ஸை ஓட்டத் தனி ஆள் இருக்கிறார். அங்கே பாராமெடிக்கே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியிருக்கும். கியர் வண்டி உரிமம் கேட்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. பிறகு, கனமான வண்டிக்கான சி1 பிரிவும் தேவைப்படலாம். ஆகவே இங்கே வண்டி பழகுகிறவர்கள் சுலபம் என்று ஆட்டோ கியருக்கான கிளாஸ் 3ஏ எடுக்காமல், கிளாஸ் 3 எடுப்பது புத்திசாலித்தனம். குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான சான்றும் கேட்பார்கள். அதை இங்கே சிங்கப்பூர் போலிஸ் படை வழங்குகிறது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி விவரத்தையும் தேடி எடுத்து வையுங்கள்.

ஆஸ்திரேலியாவிலும் 2018 டிசம்பர் முதல் தேசிய அளவில் பதிவு கட்டாயம். வழக்கமான பாதை மூன்றாண்டுப் பட்டம். மோனாஷ், கிரிஃபித் போன்ற பல்கலைக்கழகங்களில் அந்தப் படிப்பு இருக்கிறது. ஆனால் பட்டம் வாங்கியதும் வேலை காத்திருக்காது. மாநில ஆம்புலன்ஸ் சேவைகள் தனியாக ஆள் எடுக்கின்றன. அங்கே தங்கி வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய சேமநிதிக் கல்விக் கடன் திட்டம் உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களுக்குத்தான். லண்டனில் படிக்க அப்பாவின் சேமநிதியில் கை வைக்க முடியாது. ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை வேறு இருக்கிறது. ஏ லெவல், டிப்ளோமா முடியும்வரை ஒத்திவைப்பு கிடைக்கும்; பட்டப்படிப்புக்குக் கிடைக்காது. இதில் ஒரு நன்மையும் உண்டு. குடிமைத் தற்காப்புப் படைக்கு அனுப்பப்பட்டு ஆம்புலன்ஸில் போட்டார்கள் என்றால், இந்த வேலை ஒத்துவருமா என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பட்டத்தோடு இங்கே திரும்பி வந்தால்? இயன்முறை மருத்துவர்களைப் பதிவு செய்யும் துணைநல நிபுணத்துவ மன்றத்தின் பட்டியலில் பாராமெடிக் இல்லை. பட்டத்தைக் காட்டிப் பதிவு வாங்கிக்கொள்ளும் வழி இங்கே கிடையாது. வேலை கொடுப்பவர் எடுத்தால்தான் உண்டு. என்னைக் கேட்டால், சிங்கப்பூரிலேயே வேலை செய்ய நினைப்பவர் அவ்வளவு செலவு செய்து கடல் கடக்கத் தேவையில்லை.

அக்கா மகள் 995 அழைப்புகளுக்கு அருகில் இருப்பவர்களை உதவிக்குக் கூப்பிடும் மைரெஸ்பாண்டர் செயலியை இறக்கி வைத்திருக்கிறாள். இன்னும் முடிவு செய்யவில்லை. அக்காதான் முடிவு செய்துவிட்டார்: படையின் பயிற்சிக் கழகம் இருப்பது ஜாலான் பஹாரில், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று.