உப்புக் காற்றுக்கு எந்த விறகடுப்பு?

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் சாலையோரம் மீன் சாப்பாட்டுக் கடை போடப்போகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ராமேஸ்வரம் போகிறவர்கள் கண்ணில் படும்படி கடையின் முன்பக்கமே விறகடுப்பு வைக்க ஆசை. பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். குழம்பு கொதித்ததும் தீயைச் சட்டென்று இறக்கவும் முடிய வேண்டும். வார்ப்பிரும்பு வாங்கவா, எவர்சில்வரா, மண்ணா?”

எதனால் செய்தது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அடுப்புக்குள் குனிந்து பாருங்கள். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, உள்சுவரைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள் இருக்கின்றனவா? தீ உங்கள் சொல் கேட்பதும், அடுப்பு கரி அப்பாமல் இருப்பதும் பெரும்பாலும் அந்தத் துளைகளைப் பொறுத்தவை.

விறகு எரியும்போது நாம் காணும் சுடர், விறகிலிருந்து கிளம்பும் வாயுவின் சுடர். இது பள்ளிப் பாடம்தான். 100 டிகிரியில் ஈரம் போகும். 200, 250 டிகிரியைத் தாண்டினால் மரம் சிதைந்து ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், தார் ஆவி எல்லாம் வெளியேறும். காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு இப்படி ஆவியாகிவிடும், மிஞ்சுவது கரி. சந்தேகம் இருந்தால் மெழுகுவத்தியை ஊதி அணைத்து, எழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய சோதனை இது.

சாதாரண அடுப்பில் சிக்கல் இங்கேதான் வருகிறது. சூட்டைக் குறைக்க வாயை அடைக்கிறோம். விறகோ ஏற்கெனவே சூடேறிக் கிடக்கிறது. வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதை எரிக்கக் காற்று போதாது. இந்த வாயு முழுசாக எரிய சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும், அதுவும் இறங்கிவிடுகிறது. விளைவு, புகை. சட்டியின் அடி, அடுப்பின் முகப்பு, கடையின் கூரை என்று எல்லாவற்றிலும் தார் படியும். கண்ணாடிபோல் மின்னிய அடுப்பு ஒரு வாரத்தில் கறுத்துப்போவது இதனால்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நல்ல அடுப்பில் காற்று இரண்டு வழியாக நுழைகிறது. கீழிருந்து வருவது முதல் காற்று. அது விறகை ஓரளவு மட்டும் எரித்து, அந்தச் சூட்டில் மீதி விறகை வாயுவாக்குகிறது. மேல் துளைகள் வழியே வருவது இரண்டாம் காற்று. அது அந்த வாயுவை எரித்து முடிக்கிறது. எவ்வளவு வாயு பிறக்க வேண்டும் என்பதை முதல் காற்று தீர்மானிக்கும். பிறந்த வாயு முழுக்க எரிகிறதா என்பதை இரண்டாவது தீர்மானிக்கும். ஆகவே தீயைக் குறைக்க வேண்டுமா, கீழ்க் காற்றை மட்டும் குறையுங்கள். மேல் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். சுடர் சிறுக்கும், புகை வராது.

அமெரிக்காவின் டாம் ரீடும் நார்வேயின் பால் வெண்டல்போவும் 1980களில் தனித்தனியே உருவாக்கிய, மேலிருந்து பற்றவைக்கும் அடுப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விறகுத் துண்டுகளை நிரப்பி உச்சியில் தீ வைப்பார்கள். தீ மெதுவாகக் கீழே இறங்க, வாயு மேலே ஏறும். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சுடர் உள்நோக்கி நாக்கு நீட்டும். கேஸ் அடுப்பின் பர்னரைப் போலவே தோன்றும். ஆனால் எல்லாம் தலைகீழ். கேஸ் அடுப்பில் துளையிலிருந்து வருவது வாயு, சுற்றியிருப்பது காற்று. இங்கே துளையிலிருந்து வருவது காற்று, சுற்றியிருப்பது வாயு. வாயுக் கடலுக்குள் காற்று பற்றி எரிவதுபோல் இருக்கும் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை.

இரண்டாம் காற்று குளிர்ந்து வந்தால் சுடரை அணைத்துவிடும். அதனால் அடுப்புக்கு இரட்டைச் சுவர் வைத்து, நடு இடைவெளி வழியே காற்றை மேலேற்றுகிறார்கள். அது உள்சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. அதே இடைவெளியால் வெளிச்சுவருக்குப் போகும் சூடு குறைகிறது. வாசகர் கேட்ட இரண்டு விஷயமும் சந்திக்கும் இடம் இதுதான். தீயை அடக்கி ஆளச் செய்த ஏற்பாடே வெளிச்சுவரைக் காப்பாற்றுகிறது. அந்தச் சுவருக்குச் செம்மண் பூசலாம், சுண்ணாம்பு பூசலாம், ஆத்தங்குடிக் கல்லும் பதிக்கலாம்.

உட்புறம் சூளைச் செங்கல்லோ சுட்ட மண்ணோ நல்லது. நம் கரையில் இரும்பு என்ன பாடுபடும் என்று பாம்பனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த ரயில் பாலம் எத்தனை பராமரிப்பில் நின்றது என்று பார்த்தவர்கள் அவர்கள். வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் அதன்மேல் பூசிய எனாமல் ஒரு இடத்தில் சில்லுப் பெயர்ந்தால் அங்கிருந்து துரு பரவும். எவர்சில்வரில் 304 ரகத்தின் குரோமியப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு குத்திப் புள்ளி புள்ளியாக அரிக்கும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் தாக்குப்பிடிக்கும், விலை கூடுதல். அதையும் வெளிச்சுவருக்கு மட்டும் பயன்படுத்துங்கள். உப்பும் நெருப்பும் சேரும் இடத்தில் அதுவும் நிலைக்காது.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் பாம்பனை அடுத்த மண்டபம் ஊரில் ஒரு சோதனை மையம் உண்டு. கடற்காற்றில் உலோகம் எப்படி அரிபடுகிறது என்று ஆராய்கிறார்கள். அங்கே தினமும் எரித்துத் தினமும் குளிரும் ஓர் அடுப்பையும் வைத்துச் சோதிக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. 1980களில் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை 2002இல் நிறுத்திவிட்டார்கள். ஒரே வடிவத்தை நாடெங்கும் கொடுப்பதைவிட, ஒவ்வொரு வட்டாரத்தின் விறகையும் காற்றையும் வைத்து அடுப்பு செய்வதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

காற்று என்றதும் வாஸ்து நினைவுக்கு வருகிறது. தென்கிழக்கு அக்னி மூலையில் வைத்து, சமைப்பவர் கிழக்கு பார்க்க வேண்டும் என்பார்கள். அப்படி வைத்தால் அடுப்பின் வாய் மேற்கே திறக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் உள்ளே புகுந்து தீயை வாரியடிக்கும். மார்கழியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டின் இரு முனைகள். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே, வடமேற்கோ தென்கிழக்கோ பார்த்து வாயை வையுங்கள். இடுப்பளவு மறைப்புச் சுவரும் எழுப்புங்கள். மூலையை நம்பித் தீயைக் காற்றிடம் ஒப்படைக்காதீர்கள்.

விறகுக்குச் சீமைக்கருவேலம் போதும். கட்டை விரல் தடிமனுக்குப் பிளந்து வெயிலில் காயப்போடுங்கள். ஈர விறகில் தண்ணீரை ஆவியாக்கச் சூடு வீணாகும்; அதைவிடப் பெரிய கேடு, அந்த நீராவி தீயறையைக் குளிரவைத்து வாயுவை எரியவிடாது. பனை மட்டை பற்றவைக்க உதவும், நின்று எரியாது. கரையொதுங்கிய கட்டையும் பழைய வள்ளத்துப் பலகையும் வேண்டவே வேண்டாம். ஒன்றில் உப்பு, மற்றதில் பெயின்ட். இரண்டின் புகையும் நஞ்சு.

மேலிருந்து பற்றவைக்கும் வகை ஒரு நிரப்பலுக்கு ஒரு சமையல். இடையில் விறகு போடுவது சிரமம். வீட்டுக்கு அது சரி. கடைக்கு, பக்கவாட்டில் விறகைத் தள்ளும் வகையாக, இரட்டைச் சுவரும் மேல் துளையும் உள்ளதாகப் பாருங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி விசிறியில்லாத விறகடுப்பு விறகின் சூட்டில் குறைந்தது 25 சதவீதத்தையாவது பாத்திரத்துக்குத் தர வேண்டும். விசிறி வைத்தது 35. விசிறி அடுப்பில் காற்றைத் திருகி அளக்கலாம், ஆனால் அதன் மோட்டாரும் உப்புக் காற்றுக்குத் தப்பாது. குழம்பு கொதித்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்து மணலில் குத்தி அணையுங்கள். உள்ளே கிடக்கும் தணலே மண்சட்டிக்குப் போதும்.

அந்தத் தணலின் மேல் தவழும் நீலச் சுடர் கார்பன் மோனாக்சைடு எரிவது. சுடர் அடங்கியபின் அது எரியாமலே வெளியேறும், நிறமில்லை, மணமில்லை. திறந்த முன்பக்கத்தில் பாதகமில்லை. வாடைக் குளிருக்கு அடுப்பைக் கடைக்குள் இழுத்து ஷட்டரை இறக்கிவிட்டுப் படுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.