ஒரே 454, இரண்டு குணம்

நடுத்தர அளவுக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு வரம்பு வைத்திருந்தது. 1970 மாடல்களுக்கு அதை எடுத்துவிட்டது. உடனே செவர்லே தன் ஷெவெல் எஸ்எஸ் காரில் 454 கன அங்குல வி8 எஞ்சினை இறக்கியது. ஏறக்குறைய 7.4 லிட்டர்! அதிலும் இரண்டு வகை: 360 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்5, 450 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்6.

இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 4.25 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 4 அங்குலம். கொள்ளளவில் துளி வித்தியாசம் இல்லை. அப்படியானால் அந்த 90 குதிரைத்திறன் எங்கிருந்து வந்தது?

விடை முறுக்குவிசைக் கணக்கில், அதாவது எஞ்சின் தண்டைத் திருகும் பலத்தின் கணக்கில் இருக்கிறது. இரண்டு எஞ்சினுக்கும் உச்ச முறுக்குவிசை 500 பவுண்டு-அடிதான். எல்எஸ்5 அதை நிமிடத்துக்கு 3,200 சுற்றில் தருகிறது, எல்எஸ்6 3,600 சுற்றில். முறுக்குவிசையைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். எல்எஸ்5-இன் 360 கிடைப்பது 4,400 சுற்றில். திருப்பிக் கணக்குப் போட்டால் அப்போது முறுக்குவிசை சுமார் 430. எல்எஸ்6-இன் 450 கிடைப்பது 5,600 சுற்றில், அங்கே சுமார் 422. அதாவது எல்எஸ்6 கூடுதல் பலத்தோடு தள்ளவில்லை. அதே பலத்தை இன்னும் 1,200 சுற்று மேலே போகும்வரை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" லேசுப்பட்ட வேலை இல்லை. 5,600 சுற்றில் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்க ஐந்து மில்லிவிநாடிக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் 0.93 லிட்டர் காற்றை உள்ளே இழுத்தாக வேண்டும். எல்எஸ்5-இன் முட்டை வடிவக் காற்றுப் பாதைக்கு அது முடியாது, மூச்சு முட்டிப்போகும். அதனால் எல்எஸ்6-க்கு அகலமான செவ்வகப் பாதை கொடுத்தார்கள். காற்று நுழையும் வால்வின் விட்டத்தை 2.06 அங்குலத்திலிருந்து 2.19-ஆக்கினார்கள். கேட்கச் சின்ன மாற்றம், ஆனால் பரப்பில் 13 சதவீதம் கூடுதல். மேலே, காற்றோடு பெட்ரோலைக் கலந்து அனுப்பும் ஹாலி கார்புரேட்டர், நிமிடத்துக்கு 780 கன அடி காற்றை விடுவது.

சரி, அகலப் பாதையையே எல்லாவற்றுக்கும் வைத்திருக்கலாமே? தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிக்கொண்டு போகும், விரலை எடுத்தால் சோர்ந்து விழும். குறைந்த சுற்றில் அகலப் பாதையில் காற்று அப்படித்தான் சோம்பி நகர்கிறது, பெட்ரோலும் சரியாகக் கலப்பதில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊர் ஓட்டத்துக்கு எல்எஸ்5-தான் நல்ல எஞ்சின் என்பது என் உறுதியான கருத்து.

வால்வைத் திறக்கும் லிஃப்டரிலும் இதே கதை. எல்எஸ்5-இல் ஹைட்ராலிக் லிஃப்டர். உள்ளே எண்ணெய் நிரம்பி இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், சத்தமில்லை, பராமரிப்பும் இல்லை. ஆனால் சுற்று மிக ஏறி வால்வு துள்ள ஆரம்பித்தால், அந்த இடைவெளியிலும் எண்ணெய் புகுந்து வால்வை முழுசாக மூடவிடாது. எல்எஸ்6-இல் திட லிஃப்டர். அதில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி விட்டே வைக்க வேண்டும். அவ்வப்போது மேல் மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜ் என்னும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை நுழைத்து, பதினாறு வால்வையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அந்த இடைவெளியால்தான் கார் நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போது எல்எஸ்6 டிக்டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும்.

அடிப்பகுதிக்கும் பலம் வேண்டும். பிஸ்டனை இழுத்து நிறுத்தித் திருப்பும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறுவது. 4,400-லிருந்து 5,600-க்குப் போனால் 62 சதவீதம் கூடுதல். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு மூடிக்கும் எல்எஸ்5-இல் இரண்டு போல்ட், எல்எஸ்6-இல் நான்கு. அப்புறம் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது: எல்எஸ்5-இன் 10.25-க்கு எதிரே எல்எஸ்6-இல் 11.25. அன்றைய ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல் இல்லாமல் அது ஓடாது.

ஆனால் காகிதத்தில் உள்ள எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அதே 1970-இல் செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் வந்த எல்எஸ்5-க்கு 390 குதிரைத்திறன் என்று போட்டார்கள். கவனித்தால் அது 4,800 சுற்றில் எடுத்த அளவு. அங்கே முறுக்குவிசை சுமார் 427, ஷெவெலில் இருந்ததைவிட இம்மியும் கூடவில்லை. மேலும் அந்தக் காலத்து எண்களெல்லாம் எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டியும் காரின் சைலன்சரும் இல்லாமல் அளந்தவை. 1972-இல் எல்லாம் பொருத்திய நிலையில் அளக்கும் முறைக்கு மாறினார்கள். எல்எஸ்5 270-ஆக இறங்கியது. ஈயமில்லாத பெட்ரோலுக்காக 1971-லேயே அழுத்த விகிதத்தை 8.5-க்குக் குறைத்திருந்தார்கள் என்பதால் அந்தச் சரிவில் ஒரு பங்கு நிஜம், மீதி அளக்கும் முறை மாறியதால் வந்தது.