போரஸ்: துளையும் புரையும்

'போரஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேர் கிரேக்கத்தில் உள்ள 'போரோஸ்'. வழி, ஆற்றைக் கடக்கும் துறை என்பது அதன் பொருள். இஸ்தான்புல்லைப் பிளந்து ஓடும் போஸ்போரஸ் நீரிணையின் பெயரிலும் அதுவே இருக்கிறது: மாடு கடந்த துறை.

தமிழில் இதற்குத் துளை, நுண்துளை, புரை என்று பல சொற்களை எழுதுகிறோம். கடற்பஞ்சுகளைப் பள்ளிப் பாடநூல்கள் துளையுடலிகள் என்கின்றன. ஆனால் முப்பரிமாண அச்சில் உருவாக்கி எலும்போடு சேர்த்து உடலுக்குள் பொருத்தும் உலோக உள்வைப்புகளைப் பற்றி எழுதும்போது துளையையும் புரையையும் கலந்து எழுதக் கூடாது என்பேன். அங்கே ஒன்று வேண்டி வைப்பது. மற்றது விரட்ட வேண்டியது.

இவற்றுக்குப் பயன்படும் டைட்டானியக் கலவையின் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை, சுமார் 110 கிகா பாஸ்கல். எலும்பின் கெட்டியான புறப்பகுதிக்கு அது 20ஐ ஒட்டியே இருக்கும். உலோகமே பாரத்தைச் சுமந்துகொண்டால், வேலையிழந்த எலும்பு கரைந்து மெலிகிறது. ஆகவே உலோகத்தை மெல்லிய கம்பிகளின் பின்னலாக அச்சிடுகிறார்கள். விறைப்பு குறைகிறது; சில நூறு மைக்ரான் அகலமுள்ள இடைவெளிகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. இத்தாலியில் 2007இலேயே இடுப்பு மூட்டுக் குழியில் அமரும் இவ்வகைக் கிண்ணத்தைப் பொருத்தினார்கள். எலும்புக்கு வழிவிடும் இந்த இடைவெளிதான் துளை. கிரேக்கப் பொருளும் இதற்கே பொருந்துகிறது.

அச்சிடுகையில் உலோகத் தூளை லேசர் கொண்டு உருக்கும்போது கம்பிக்குள்ளேயே ஓரிடம் உருகாமல் நின்றுவிடும். இன்னோரிடத்தில் வாயு சிக்கிக்கொள்ளும். யாரும் வரையாத இந்த உட்குழிவு புரை. உட்குழிவு, குற்றம் என்ற இரு பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. 'புரைதீர்ந்த நன்மை' என்று குறள் சொல்வது குற்றம் நீங்கிய நன்மையை. மேலே ஆறியும் உள்ளே குடைந்துகொண்டே போகும் புண்ணைப் புரையோடிய புண் என்கிறோம். உலோகத்துக்குள்ளும் அதுவே நடக்கிறது. நடமாடும் ஒருவர் ஒவ்வொரு காலாலும் ஆண்டொன்றுக்குச் சுமார் 10 லட்சம் அடி வைக்கிறார். அடிதோறும் கம்பி இம்மியளவு வளைந்து மீள்கிறது. புரையின் விளிம்பில் தோன்றும் விரிசல் அப்படியே வளர்ந்து, ஒரே தடவையில் எவ்வளவோ பாரம் தாங்கக்கூடிய கம்பியை முறித்துவிடும். இதுவே உலோகச் சோர்வு.

இதற்கு மருந்து, 1955இல் அமெரிக்காவின் பேட்டல் ஆய்வு நிறுவனத்தில் பிறந்த 'ஹாட் ஐசோஸ்டாட்டிக் பிரெஸ்ஸிங்'. வெப்பச் சம அழுத்தம் என்று தமிழில் சொல்லலாம். சுமார் 900 பாகை செல்சியசில், ஏறத்தாழ 1,000 வளிமண்டல அழுத்தமுள்ள ஆர்கான் வாயுவில் சில மணி நேரம் வைக்கிறார்கள். வாயு துளைகளுக்குள் தாராளமாகப் புகுந்து எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் பின்னல் குலைவதில்லை. வாயு புக முடியாத புரை மட்டும் நசுங்கி, சுவரோடு சுவர் ஒட்டி மறைகிறது. கூடவே, அச்சில் சட்டெனக் குளிர்ந்து விறைத்த உலோகமும் இளகி, விரிசலுக்கு எளிதில் இடங்கொடாததாகிறது.

மேற்பரப்பைத் தொட்டு நிற்கும் புரையை இந்த முறை மூடாது. அதற்குள்ளும் வாயு புகுந்துவிடுமே. கம்பியின்மேல் அரைகுறையாக உருகி ஒட்டிய தூள்மணிகளும் விரிசலுக்கு வித்தாகின்றன. அவற்றை அமிலத்தில் அரித்து நீக்குகிறார்கள். அதில் கம்பியும் சற்று மெலியும் என்பதால், வரையும்போதே அந்தக் கனத்தைக் கூட்டி வரைய வேண்டும்.