சுண்ணாம்பு ஏன் தெறிக்கிறது? தீர்ந்துபோவதும் மீந்து நிற்பதும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டிலேயே சுண்ணாம்பு நீற்றுகிறவர்கள் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பிளஸ் ஒன் வேதியியலில் பிள்ளைகள் தடுமாறும் கணக்கு அந்தத் தொட்டிக்குள்ளேயே கிடக்கிறது. புத்தகத்தில் வேதிக் கணக்கீடு முதல் பாடம், வெப்ப இயக்கவியல் ஏழாவது. அங்கே போய்ச் சேர்வதற்குள் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்துபோய் வினையை நிறுத்திவிடும் பொருள்) மறந்துபோகிறது.

சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. சுத்தமான கால்சியம் ஆக்சைடு என்றே வைத்துக்கொள்வோம் (கடைச் சரக்கில் வேகாத கல்லும் இருக்கும்). ஒரு மோல் (துகள்களை எண்ணும் அலகு) 56 கிராம், ஆக 17.9 மோல். சுண்ணாம்பு ஒரு மோலுக்குத் தண்ணீர் ஒரு மோல் (18 கிராம்) என்பதால் வினைக்கு வேண்டியது சுமார் 320 கிராம், அவ்வளவுதான்.

அரை லிட்டர் ஊற்றினால் எது முதலில் தீரும்? "தண்ணீர்தான் எடை குறைவு" என்று எழுதினால் மார்க் போச்சு. அரை லிட்டரில் 27.8 மோல் இருக்கிறது, தீர்வது சுண்ணாம்பு. எடையை ஒப்பிடாமல் மோலை ஒப்பிட வேண்டும், அதையும் சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்ணால் வகுத்த பிறகு. தண்டவாளம் பற்றவைக்கும் தெர்மிட் வினையில் 2 மோல் அலுமினியத்துக்கு 1 மோல் இரும்பு ஆக்சைடு. கையில் 3 மோல் அலுமினியமும் 2 மோல் ஆக்சைடும் இருந்தால், வகுத்து வருவது 1.5, 2. மோல் கூடுதலாக உள்ள அலுமினியமே முதலில் தீர்கிறது.

இனி வெப்பம். சுண்ணாம்பு நீறும்போது மோலுக்குச் சுமார் 65 கிலோ ஜூல் வெளியேறும். 17.9 மோலுக்கு 1,160 கிலோ ஜூல். தண்ணீர் இரண்டு லிட்டரோ ஐந்து லிட்டரோ, இது மாறாது. சூடு எவ்வளவு ஏறும் என்பதுதான் மாறும். வெப்பத்தின் அளவு தீர்ந்துபோகும் பொருளைப் பொறுத்தது. வெப்பநிலை, தொட்டியில் மீந்து நிற்கும் மொத்தத்தைப் பொறுத்தது. இரண்டுக்கும் ஒரே நிறையைப் போடுவதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

ஐந்து லிட்டர் ஊற்றினால் மீதித் தண்ணீர் 4.68 கிலோ, நீறிய சுண்ணாம்பு 1.32 கிலோ. கிலோவுக்குத் தண்ணீருக்கு 4.18, சுண்ணாம்புக்கு 1.2 கிலோ ஜூல் என்று கூட்டினால், ஒரு டிகிரி ஏற 21 கிலோ ஜூல் வேண்டும். 1,160-ஐ 21-ஆல் வகுத்தால் 55. அதாவது 30 டிகிரித் தண்ணீர் 85-க்குப் போகும். தொட்டி கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நிஜத்தில் குறையும்.

இரண்டே லிட்டர் என்றால் ஒரு டிகிரிக்கு 8.6 போதும். ஏற்றம் 135, ஆக 165 டிகிரி என்று விடையை அப்படியே எழுதிவிட்டு வருகிறார்கள். திறந்த தொட்டியில் தண்ணீர் 100-ஐத் தாண்டுமா? அதுவரை சூடேற 600 கிலோ ஜூல் செலவாகும். மிச்சம் 560, கிராமுக்கு 2.26 கிலோ ஜூல் வீதம், கால் லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். அந்த ஆவிதான் குழம்பை முகத்தில் தூக்கி அடிப்பது.

அதனால் தொட்டியில் தண்ணீர் முதலில், கிலோவுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல். சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட வேண்டும். கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடத்தில் மட்டும் தண்ணீர் பற்றாமல் கொதித்துவிடும். அலுமினியச் சட்டி கூடவே கூடாது: காரம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனியாதீர்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, எலுமிச்சையும் தாய்ப்பாலும் விடக் கூடாது. இமையை விரித்துத் துணுக்கை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தபடியே, அரை மணி நேரம் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவி, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நீறாத துணுக்கு கண்ணீரிலேயே நீற ஆரம்பித்துவிடும். கண்ணீர் கொஞ்சம்தான், சூடு அங்கேயே தங்கும். குழாய்த் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும்.